பீரங்கி மேட்டில் பிடித்த கயிறு

எங்கள் ஜவ்வாது மலைப் பக்கத்தில், தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவனுக்கு மேலே நின்று கயிறு பிடிப்பது அவன் மச்சானாக இருக்கவேண்டும். அதாவது மனைவியுடன் பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக்கூடாது. அண்ணன் தம்பிக்குள் பாகம் இருக்கும், வரப்புத் தகராறு இருக்கும், எந்த நேரத்தில் எவன் கை தளரும் என்று சொல்லமுடியாது. மச்சான் அப்படியில்லை. அவன் கயிற்றை விட்டால் தாலியறுப்பது அவன் தங்கைதான். அதனால் உயிரே போனாலும் விடமாட்டான் என்று நம்பிக்கை. இதை யோசித்து வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் என்னைப் போல ஒரு மச்சான் வருவான் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

நான் போளூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளன். அமிலப் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவது, குடுவை கழுவுவது, பிள்ளைகள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவது என் வேலை. சொந்த ஊர் மலையடிவாரம். எனக்கு ஒரே தங்கை. அவளை மலைமேல் கட்டிக்கொடுத்தோம். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தது நான்தான். ஒரு சித்திரை மாதம் மலைக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை செங்குத்தான பாறையிலிருந்து ஒரு பானைத் தேனோடு சிரித்துக்கொண்டு ஏறி வந்ததைப் பார்த்தேன். இவ்வளவு பயமில்லாதவன் கையில் நம் பெண் பத்திரமாக இருப்பாள் என்று அப்பாவிடம் அடித்துச் சொன்னேன். பயமில்லாதவனுக்கும் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு வருடம் அவனுக்குக் கயிறு பிடித்தேன். பருவத்துக்கு இரண்டு மூன்று முறை, பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மலையேறுவேன். இறங்குவதற்கு முன் அவன் கயிற்றின் தலைப்பை என் கையில் கொடுத்து, "புடிச்சியா மச்சான்?" என்று மூன்று முறை கேட்பான். மூன்று முறையும் "புடிச்சேன்" என்று நான் சொல்லவேண்டும். அப்புறம் வாய்ப்பேச்சு கிடையாது, பேசினால் தேனீ கலையும். கீழேயிருந்து அவன் ஒரு தடவை இழுத்தால் கயிற்றைத் தளர்த்து என்று அர்த்தம். இரண்டு தடவை இழுத்தால் தூக்கு என்று அர்த்தம். ஒரு பருவத்திலும் நான் தவறியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன், மாசி மாதத்தில் தங்கச்சி சாமை விற்கப் போளூர்ச் சந்தைக்கு வந்தாள். பையை இறக்கும்போது ரவிக்கைக் கைக்குக் கீழே, இடது முழங்கைக்கு மேல் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்குக் குழாயடியில் வழுக்கி விழுந்தேன் என்றாள். விரல் அகலத்தில் நான்கு கோடு. குழாயடிக்கு விரல் கிடையாது. அதற்கு முந்தின வருடம் கன்னத்தில் ஒன்று பார்த்திருக்கிறேன், அதற்கும் முன்னால் காதோரம். அப்போதெல்லாம் கதவு இடித்தது, மாடு முட்டியது என்று ஏதாவது சொல்வாள். நானும் அதை நம்பின மாதிரி தலையாட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்புவேன். நானே பார்த்து முடித்த மாப்பிள்ளையை நானே போய் என்ன கேட்பது என்று ஒரு வெட்கம். வெட்கம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருந்தேன்.

அதே மாதக் கடைசியில்தான் அந்தக் கடலோர வேலை வந்தது. மலையில் ரோடு போட்ட ஒரு காண்ட்ராக்டர் இப்போது ஆந்திரக் கடற்கரையில் வேலை எடுத்திருந்தார். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே கடலைப் பார்த்த ஒரு குன்றின்மேல் வெள்ளைக்காரன் காலத்துப் பீரங்கி மேடை இருக்கிறது. எதிரிக் கப்பல் வந்தால் சுடுவதற்காகக் கட்டியது. அதைச் சுத்தம் செய்து, படி கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்குத் திறந்துவிடப் போகிறார்கள். ஆனால் பீரங்கி அறையின் கூரை விளிம்பில் மலைத்தேனீ ஆறேழு அடை கட்டித் தொங்குகிறது. வேலையாட்களைக் கொட்டி இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் யாரும் கிட்டே வரமாட்டேன் என்கிறார்கள். காண்ட்ராக்டருக்கு மாப்பிள்ளை ஞாபகம் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு நான் ஞாபகம் வந்துவிட்டேன். கயிறு பிடிக்க வேறு மச்சான் அவனுக்குக் கிடையாது.

போகலாமா என்று நான் நிறைய யோசித்தேன் என்று சொன்னால் பொய். உடனே சரி என்றேன். தங்கச்சி முன்னால் வைத்துக் கேட்கமுடியாததை வழியில் கேட்டுவிடலாம் என்பது என் எண்ணம். காட்பாடியில் ரயில் ஏறினோம். கேட்கவேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்தேன். மாப்பிள்ளையோ ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தங்கச்சி கட்டிக்கொடுத்த கேழ்வரகு அடையை எனக்குப் பெரிய பங்காகப் பிய்த்துக் கொடுத்தான். எதிர்சீட்டு அம்மாவின் பெட்டியை மேலே தூக்கி வைத்தான். கைக்குழந்தை ஒன்று அவனிடம் தாவிப்போய் அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. வெளியே இவ்வளவு நல்லவனாக இருப்பவனை எந்த இடத்தில் பிடித்துக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நெல்லூர் போனது, அப்புறமும் எவ்வளவோ ஊர் போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

காலையில் காண்ட்ராக்டரின் ஜீப் எங்களைக் குன்றின் அடிவாரத்தில் இறக்கிவிட்டது. எனக்கு அதுவரை கடல் என்றால் கல்யாணமான புதிதில் பார்த்த சென்னைக் கடற்கரைதான். சுண்டல், குதிரை, கூட்டம். இது அப்படி இல்லை. குன்றுக்குக் கீழே கறுப்புப் பாறைகள்மேல் தண்ணீர் மோதி மோதித் திரும்பிப் போனது. ஒரு படகுகூட இல்லை. ஏறும் வழியெல்லாம் முட்செடி. மேலே போகப் போகச் செடிக்குள்ளிருந்து கான்கிரீட் சுவர்கள் தலை நீட்டின. சுவரில் கரும்பச்சைப் பாசி, அதற்குள் யாரோ அந்தக் காலத்தில் பெயிண்டால் எழுதிய ஆங்கில எண்கள்.

அங்கே ஒரு வாட்ச்மேன் இருந்தார், ஐம்பது வயது இருக்கும், தெலுங்குக்காரர். எங்கள் தெருவில் பாதி வீடு தெலுங்கு பேசும், அதனால் எனக்குச் சமாளிக்க வரும். அவர்தான் எங்களைச் சுற்றிக் காட்டினார். முதல் மேடை திறந்தவெளி. நடுவில் வட்டமாக ஓர் இரும்புத் தண்டவாளம், அதன்மேல்தான் பீரங்கி திரும்புமாம். பீரங்கி இப்போது சரிந்து கிடந்தது. அதன் வாயில் யாரோ பிளாஸ்டிக் பாட்டில்களைச் செருகியிருந்தார்கள். இரண்டாவது மேடைக்குக் கூரை உண்டு. ஓர் ஆள் கை நீளத்துக்குக் கனமான கூரை. அதற்குக் கீழே பெரிய அறை, கடலைப் பார்த்து ஒரே ஒரு நீளத் திறப்பு. அந்தத் திறப்பின் வழியாக இரண்டாவது பீரங்கி இன்னும் கடலை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. உள்சுவரில் சிவப்புக் கோடுகள் வளைவாகப் போயின. எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று அளவு பார்க்க வரைந்தவை.

கப்பல் வந்ததா என்று நான் வாட்ச்மேனைக் கேட்டேன். வரவே இல்லை என்றார். வருடக்கணக்கில் ஆட்கள் ஷிப்ட் போட்டு இந்தத் திறப்பில் கண் வைத்துக் காத்திருந்தார்களாம். ஒருநாளும் சுடவில்லை. சண்டை முடிந்து போய்விட்டார்கள். அந்த அறைக்குள் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. யாரையோ கொல்வதற்காக நுணுக்கமாக அளவெடுத்து, கோடு போட்டு, கொல்லாமலே விட்டுப்போன இடம். செய்யாத காரியம் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

தேன் அடைகள் திறப்புக்கு நேர் மேலே, கூரை விளிம்புக்கு அடியில் தொங்கின. ஒவ்வொன்றும் முறம் அகலம், சிலது அதைவிடப் பெரிசு. மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டு மலைப்பாறையைவிட இது சுலபம் என்றான். கூரைமேல் நான் நிற்கவேண்டும். அங்கே பழைய இரும்பு வளையம் ஒன்று கான்கிரீட்டில் பதிந்திருந்தது, கயிற்றை அதில் சுற்றிப் பிடிக்கலாம். அவன் விளிம்பிலிருந்து இரண்டு ஆள் உயரம் இறங்கித் திறப்பின் விளிம்பில் காலூன்றுவான். அதற்கும் கீழே செங்குத்துச் சரிவு, பாறை, கடல்.

மலையில் நாங்கள் பெரும்பாலும் அமாவாசை இருட்டில்தான் தேனெடுப்போம், பகலில் இறங்குவது அபூர்வம். இருட்டில் தேனீ பறக்காது. மாப்பிள்ளை அதைச் சொன்னான். பொழுது சாய்ந்தபின் குன்றின்மேல் ஆள் நடமாட அனுமதி இல்லை, காலையிலேயே முடித்துவிடு என்றார் காண்ட்ராக்டர். கலைந்த தேனீ பின்பக்கமாக ரோட்டுக்குப் போய்விடக்கூடாது என்று பீரங்கி அறையின் பின்பக்க இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டிபன் சாப்பிடக் கீழே போய்விட்டார். நாங்கள் இரண்டு பேருமே அதைப் பார்த்தோம். இரண்டு பேருக்குமே அது சரியென்றுதான் பட்டது.

தப்பு அங்கேதான் நடந்தது. மலையில் எப்போதாவது பகலில் இறங்கினால், வெயில் ஏற ஏறக் காற்றும் பாறையோடு மேலே ஏறும். புகையைக் கீழே போட்டால் அது அடையைத் தொட்டுக்கொண்டு மேலே போய்விடும். தேனீ பாய்ந்தால் பாறைப் பொந்துக்குள் ஒண்டிக்கொண்டு புகை நடுவில் பத்திரமாக இருப்பது வழக்கம். பாறைப் பொந்துக்கு எப்போதும் ஏதாவது ஒரு விரிசல் இருக்கும், மூச்சு விடலாம். மாப்பிள்ளை அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தான். பச்சை இலையைக் கட்டாகக் கட்டி, உள்ளே காய்ந்த புல் வைத்து, திறப்பின் விளிம்பிலேயே புகை போடுவது, தேனீ பாய்ந்தால் திறப்புக்குள் நுழைந்துகொள்வது என்று திட்டம். காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குப் பற்றவைத்தபோது புகை அழகாகக் கடல் பக்கம் போனது. கடற்கரையில் வெயில் ஏறினால் காற்று அப்படியே திரும்பிவிடும் என்பது மலைக்காரனுக்கு எப்படித் தெரியும்?

அவனுக்குத் தெரியாது, சரி. எனக்கு? நிலக்காற்று, கடல்காற்று இரண்டுக்கும் அம்புக்குறி போட்ட படம் எங்கள் ஆய்வகச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. மூடிய ஜாடிக்குள் மெழுகுவத்தி அணைவதை வருடா வருடம் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு ஜாடியைத் துடைத்து வைக்கிறவன் நான். அந்தக் காலையில் இது எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வரவில்லை என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, மாப்பிள்ளை இடுப்பில் கயிற்றைக் கட்டினான். "புடிச்சியா மச்சான்?" என்று மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் சொன்னேன். இறங்கினான். முதல் மூன்று அடைகளை அவன் அறுத்ததை நான் கயிற்றின் அசைவிலேயே தெரிந்துகொண்டேன். அடை அறுந்து கடலுக்குள் விழும் சத்தம் அலைச் சத்தத்தில் கேட்கவில்லை. பிழிந்து எடுக்க இது தேன் வேலை இல்லை, அகற்றுகிற வேலை. அவனுக்கு அது பிடிக்கவில்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.

பத்தரை மணி இருக்கும். என் முதுகில் அடித்துக்கொண்டிருந்த காற்று நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் முகத்தில் அடித்தது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த புகை விளிம்பில் தயங்கி நின்று, திரும்பி, கூரைக்கு அடியில் போவதைப் பார்த்தேன். தேனீக்கூட்டம் ஒட்டுமொத்தமாக எழுந்தது. சில என்னிடமும் வந்தன, கழுத்தில் இரண்டு கொட்டு வாங்கினேன். ஒரு தடவை கயிறு இழுபட்டது. தளர்த்தினேன். அவன் திறப்புக்குள் நுழைகிறான் என்று புரிந்தது. புகையும் அவன் பின்னாலேயே நுழைந்தது. திறப்பு ஒன்றுதான், பின்கதவு பூட்டியிருக்கிறது.

அதன்பின் இரண்டு இழுப்பு வந்தது. தெளிவாக, ஒன்றுக்குப்பின் ஒன்று. பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த இழுப்பு.

நான் தூக்கவில்லை.

கை மரத்துப்போனது, தேனீ கொட்டியது, புகையில் கண் தெரியவில்லை என்று நிறைய சொல்லலாம். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னேன். உண்மை என்னவென்றால் நான் மிகவும் தெளிவாக இருந்தேன். என் தங்கை வீட்டில் ஒரு சாயங்காலம் என் கண்முன் வந்தது. அவள் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கேட்காது. அவள் தோள் தளர்ந்து சும்மா உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. மச்சான் கயிற்றை விடமாட்டான் என்றுதானே ஊர் உலகமெல்லாம் நம்புகிறது.

மறுபடி இரண்டு இழுப்பு. இந்தமுறை வலு இல்லை. நான் கயிற்றை வளையத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. பிறகு கயிறு சும்மா ஆனது. பன்னிரண்டு வருடத்தில் கயிறு அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் ஆள் இருக்கிற கயிறு எப்போதும் கொஞ்சமாவது அசையும்.

வாட்ச்மேன் தலையில் கோணிப்பையைப் போர்த்துக்கொண்டு கூரைமேல் ஏறி ஓடிவந்தார். புகை உள்ளே போவதைக் கீழேயிருந்து பார்த்துவிட்டார். இழு, இழு என்று தெலுங்கில் கத்திக்கொண்டே என் கைக்குப் பக்கத்தில் அவரும் கயிற்றைப் பிடித்தார். அவர் கை பட்ட பிறகுதான் நான் இழுத்தேன். இதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை மூட்டையாக மேலே வந்தான். முகம் முழுக்கக் கரி, உதடு நீலம். அவனைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினோம். வாட்ச்மேன் அவன் வாய்க்குள் விரலைவிட்டுக் கோழையை எடுத்தார். நான் அவன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். அது பொய் அழுகை இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் அவன் சாகட்டும் என்று நின்றவனும் நான்தான், இப்போது செத்துவிடாதே என்று அழுகிறவனும் நான்தான். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருந்தது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அவன் இருமினான்.

நான்கு நாள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன், கஞ்சி ஊட்டினேன், கழுவிவிட்டேன். காண்ட்ராக்டர் மச்சான் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று நர்ஸிடம் என்னைக் காட்டிச் சொன்னார். வாட்ச்மேன் ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். போகும்போது என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பத்திரமாகப் போங்கள் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாப்பிள்ளைக்கு இருமல்தான். காட்பாடியில் இறங்கிப் போளூர் பஸ் ஏறினோம். கண்ணமங்கலம் தாண்டினதும் ஜன்னலுக்கு வெளியே மலை தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"ரெண்டு வாட்டி இழுத்தேன் மச்சான்."

"ஒண்ணுதான் தெரிஞ்சுது மாப்ள," என்றேன்.

அவன் சரி என்பதுபோல் தலையாட்டினான். பஸ் இரண்டு நிறுத்தம் போயிருக்கும். "அவ எதனா சொன்னாளா உன்கிட்ட?" என்று கேட்டான். நான் கேட்க நினைத்து இத்தனை வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அவனே எடுத்து நடுவில் வைத்துவிட்டான். இல்லை என்றேன். அதற்கும் தலையாட்டினான். போளூரில் என் பையை இறக்கிக் கொடுத்துவிட்டு, மலை பஸ்ஸைத் தேடிப் போய்விட்டான்.

அதற்கப்புறம் மூன்று பருவம் அவன் பாறையில் இறங்கவில்லை. நெஞ்சு சரியில்லை என்று டாக்டர் வேண்டாம் என்றிருந்தார். என்னைப் பார்த்தால் பேசுவான், பொங்கலுக்கு வந்தால் பாயில் பக்கத்தில் உட்காருவான். ஆனால் நான் தண்ணீர் சொம்பை நீட்டினால்கூட, வாங்குவதற்கு முன் ஒரு கணம் தயங்குவான். மற்றவர்கள் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள்.

இந்த வருடம் பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம் தங்கச்சி நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டாள். ஆய்வகத்தில் நான் மட்டும் இருந்தேன். பரீட்சை முடிந்து கழுவவேண்டிய குடுவைகள் தொட்டி நிறையக் கிடந்தன. அவள் உட்காரவில்லை. சித்திரைக்கு அவர் மறுபடி பாறையில் இறங்கப்போகிறார் என்றாள். கயிறு பிடிக்கத் தன் சொந்தத் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார், ஊரில் எல்லோரும் வாய்மேல் கை வைத்துப் பார்க்கிறார்கள், பெரியவர்கள் சொல்லியும் கேட்கமாட்டேன் என்கிறார் என்றாள். அந்தத் தம்பிக்கும் மாப்பிள்ளைக்கும் கிணற்றுப் பாகத்தில் பேச்சுவார்த்தையே சரியில்லை, அது எனக்கும் தெரியும்.

"நீ வந்து புடிண்ணா. உன்ன வுட்டா யாரு இருக்கா?"

நான் வந்தால் அவர் இறங்கமாட்டார் என்றேன். ஏன் என்றாள். நான் குடுவையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கிட்டே வந்து குழாயை மூடினாள்.

"அங்க இன்னா நடந்துச்சி?"

சொன்னேன். காற்று திரும்பியதிலிருந்து, வாட்ச்மேன் கை பட்டது வரைக்கும். சொல்லச் சொல்ல ஒரு ஆறுதல்கூட வந்தது எனக்கு, அதுதான் அசிங்கம். அவள் கை, கன்னம், காதோரம் எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன், தெரிந்துதான் இருந்தேன் என்பதையும் சொன்னேன். அவள் கட்டிப்பிடித்து அழுவாள் என்றோ, சாபம் கொடுப்பாள் என்றோ எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எனக்காவ நின்னேன்னு மட்டும் சொல்லாதண்ணா," என்றாள். "பன்னெண்டு வருஷம் எங்க வூட்டுக்கு வந்து போய்ட்டு இருந்த. சோறு துன்ன. ஒரு வாட்டி, ஏன் அவள அடிக்கிறன்னு வாயத் தொறந்து கேட்டியா? அத கேக்க பயம். ஆளக் கொல்றதுக்கு மட்டும் பயமில்ல உனக்கு."

சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீ வர வேணாம். அவரு தம்பியும் வேணாம். கயிற நானே புடிச்சிக்கிறேன்."

பெண்கள் அந்தப் பாறைமேல் ஏறுவதுகூடக் கிடையாது என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பிடித்தாள். ஊரில் பெரிய சண்டையே நடந்ததாம். மாப்பிள்ளை மட்டும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அவள் கூரான பாறை விளிம்பில் புடவையை வரிந்துகட்டிக்கொண்டு, காலை மரத்து வேரில் ஊன்றி நின்றாள் என்றும், இரண்டு இழுப்பு வந்த உடனே ஆம்பளையாட்டம் இழுத்துப் போட்டாள் என்றும் மலை பஸ் கண்டக்டர் என்னிடம் சொன்னார். இந்தப் பருவத்தில் மூன்று முறை அவள்தான் பிடித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவன் விளிம்பில் நின்று வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறானாம்.

போன வாரம் சந்தையில் அவளைப் பார்த்தேன். உள்ளங்கையில் கயிறு அறுத்த புண் காய்ந்திருந்தது. முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். அவன் இப்போது அடிக்கிறானா என்று கேட்கவேண்டும். டீ வாங்கிக் கொடுத்தேன், பஸ் ஏற்றிவிட்டேன். கேட்கவில்லை.